பயின்ற விடுதியை மீளக் காண்டல்

(பொதட்டூர்பேட்டையில் நம் சங்கத்தார் கூட்டிய குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பயின்ற விடுதியை மீளக் காண்டல் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கேட்பதற்கு இஃது எளிய விஷயமாகத் தோன்றும். ஆயினும் நம் செயற்குழுவில் இதன்மேல் நிகழ்ந்த வாதம் அத்துணை எளிதாக இருக்கவில்லை. நம்மவரில் விடுதியில் தங்கிப் பயின்றோர் அனைவரும் ஒரு நாள் குறித்துக்கொண்டு, தத்தம் பழைய பள்ளிக்குச் சென்று, ஆசிரியர்களை வணங்கி, இயன்ற பொருளுதவி செய்து வருதல் வேண்டுமென்று ஒரு சாரார் கூறினர். நல்ல யோசனையே. ஆனால் அன்பர் ஒருவர் எழுந்து, ‘நான் அந்த வாசற்படியை இனி மிதியேன்’ என்று ஒரே வாக்கியத்திற் சொல்லி அமர்ந்துவிட்டார். உடனே அவரை நன்றி மறந்தவரென்று சிலர் பேசத் தலைப்பட்டனர். அவர் நன்றி மறந்தவர்தாமா என்பதே இன்று யான் ஆராயப் புகும் கேள்வி. இக்கேள்வி அவர் ஒருவரைப் பற்றியதன்று. வருகிற ஜூன் மாதத்தில் பெட்டி கட்டிக்கொண்டு விடுதிக்குப் புறப்படப்போகும் நம் குழந்தைகளையும் பற்றியதாகும்.

விடுதிகள் எழுந்த காரணம்

முதற்கண், நம் பிள்ளைகள் ஊரை விட்டு விடுதிக்குப் போக நேர்ந்தது ஏன் என்பதை நினைத்தல் வேண்டும். நம் ஊர் தறியால் வாழ்ந்த ஊர். ஒரு வீட்டில் ஒரு தறி ஓட வேண்டுமாயின் நெய்வோன் ஒருவன் மட்டும் போதான். பாவு பிணைக்கவும், கஞ்சி போடவும், தார் சுற்றவும் வீட்டிலுள்ள கைகளெல்லாம் வேண்டும். எட்டு வயதுச் சிறுவனும் அதில் ஒரு கையே. அச்சிறுவனை விடுதிக்கு அனுப்பிய தந்தை, சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்ததோடு, தன் தொழிலுக்கு உதவிய ஒரு கையையும் இழந்தான். தார் சுற்றும் வேலை அன்று முதல் தாயின் தலையில் ஏறிற்று. விடுதியிற் படித்த ஒவ்வொருவனுடைய கல்விக்கும் பின்னால், இரவில் விளக்கருகே அமர்ந்து இராட்டை சுற்றிய ஒரு தாய் இருக்கிறாள். நன்றிக்கடனைப் பற்றிப் பேசுவோர் அக்கடன் முதலில் எவ்விடத்துச் செல்லவேண்டுமென்பதை மறவாதிருத்தல் நலம்.

நம் வட்டாரத்துக்கு உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் தனியே பிரிந்தபோது நாம் சித்தூர் ஜில்லாவோடு அதிற் சேர்ந்திருந்தோம். மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் இப்பகுதியிற் செய்த தொண்டும், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பட்டாஸ்கர் அவர்களின் தீர்ப்பும், அதன்வழி வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் மேற்படிப்பு வேண்டிச் சித்தூரென்றும் மதனப்பள்ளியென்றும் சென்றோர்க்குப் பழைய பள்ளி இன்று அயல் மாநிலத்தில் இருக்கிறது. வாசற் பலகையின் எழுத்தும் வேறு. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாக வளர்ந்த அப்பெரியவர்கள் தங்கள் பள்ளியை நினைக்குங்கால், அது தம்முடையதா பிறருடையதா என்று துணிய மாட்டாமல் திகைப்பதை யான் நேரிற் கண்டிருக்கிறேன்.

சென்னைக்குச் சென்றோர் நிலை இன்னும் கடினம். வகுப்பில் இடங்கிடைத்தாலும் உண்ண இலையும் உறங்க இடமும் கிடைப்பது அரிதாயிருந்தது. சாதியின் பெயரால் உணவு விடுதிகளில் விலக்கப்பட்ட காலம் அது. இதனைக் கண்டு பொறாத டாக்டர் நடேச முதலியார் 1916-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக அமர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் அங்குத் தங்கிப் பயின்றவர்களுள் ஒருவர். அதற்கு முன்னரே, 1905-இல், ஏழை மாணவர்க்கென மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தோன்றியிருந்தது. 1912-இல் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார், தாமும் இளமையிற் கணவனை இழந்தவராதலின், அந்நிலையிலிருந்த பெண் குழந்தைகளைச் சேர்த்துச் சாரதா இல்லத்தை நிறுவினார். ஆகவே விடுதி என்பது செல்வர் பிள்ளைகளின் சௌகரியத்துக்காக மட்டும் எழுந்ததன்று. வேறு கதவுகளெல்லாம் அடைபட்டிருந்தோர்க்குத் திறந்த ஒரு கதவாகவும் எழுந்தது. இந்நன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

இருவகை உணர்ச்சி

நன்மை இவ்வளவு தெளிவாயிருக்க, அங்கே மீண்டும் போக மனம் ஏன் கூசுகிறது? யானும் ஆறு ஆண்டுகள் ஒரு விடுதியிற் கழித்தவன். அதன் பெயரைச் சொல்லுதல் இங்கே அவசியமன்று. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு காரியமாக அவ்வழியே செல்ல நேர்ந்தபோது உள்ளே சென்று பார்த்தேன். அப்பொழுது என் மனத்திலெழுந்தவற்றை ஒளியாமற் சொல்லுகிறேன். ஏனெனில், உங்களிற் பலர்க்கும் அதுவே நிகழ்ந்திருக்கும்.

முதலில் எல்லாம் சிறுத்துத் தோன்றிற்று. நாங்கள் அஞ்சி அஞ்சிக் கடந்த முற்றம் பத்தடி அகலமே இருந்தது. பெரிய மதிலென்று நினைத்திருந்தது என் தோளளவே நின்றது. ‘இதற்கா அத்தனை அச்சம்?’ என்று நகை வந்தது. அடுத்த கணத்தில் உணவுக் கூடத்தின் பக்கமிருந்து புளித்த சாம்பாரின் வாசனை வந்தது. நகை நின்றுவிட்டது. வயிறு இறுகிற்று. அறிவு மறந்ததை உடல் மறக்கவில்லை. மணி அடித்தபோது, பேரன் பேத்தி எடுத்த யான், கால்கள் தாமே வரிசையை நாடுவதை உணர்ந்தேன்.

அங்கே எனக்கு நேர்ந்தவை இரண்டு வகை. வீட்டுக்கு எழுதும் கார்டை மேற்பார்வையாளர் படித்துப் பார்த்த பின்னரே தபாலிற் சேர்ப்பார். ஆகையால், ‘நான் சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறேன்’ என்பதன்றி வேறெதுவும் எழுதியறியோம். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னைப் பெயரிட்டு அழையாமல் ‘தறிக்காரன்’ என்றே அழைத்தார்கள். இஃது ஒரு வகை. எனக்குக் கடுங்காய்ச்சல் கண்ட மூன்று இரவும், அதே மேற்பார்வையாளர் என் பாயருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஈரத்துணி மாற்றிக்கொண்டு விழித்திருந்தார். இது மற்றொரு வகை. இவ்விரண்டையும் செய்தவர் ஒருவரே. இவற்றில் எதனை மெய்யென்பது, எதனைப் பொய்யென்பது? இரண்டும் மெய். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்து மிச்சம் காண்பதற்கு இது கடைக் கணக்கன்று. நன்மை தன்னிடத்தில் நிற்கிறது. துன்பமும் தன்னிடத்தில் நிற்கிறது.

ஆதலால், பழைய பள்ளியின் வாயிலில் நிற்பவனுக்கு உவப்பும் கூச்சமும் ஒருங்கே தோன்றுமாயின், அவன் மனம் கெட்டுவிட்டதென்று எண்ணற்க. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதனாலேதான் துணி உண்டாகிறது. நம் இளமையும் அங்ஙனம் நெய்யப்பட்டதே.

இட்டவரும் உண்டவரும்

இனி, நன்றி என்பதைப் பற்றிச் சற்று நுணுகிப் பார்ப்போம். தருமமாகக் கிடைத்த கல்வியில் ஒரு தனித் துன்பம் உண்டு. அதனை இட்டவர் அறியார். உண்டவரே அறிவர். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் என்பாரைப் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் நம் நாட்டிலே பீஹார் மாகாணத்து மோத்திஹாரியில் 1903-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்னும் ஊரிலிருந்த செயிண்ட் சிப்ரியன்ஸ் என்ற உறைவிடப் பள்ளியில் 1911 முதல் 1916 வரை பயின்றார். அவர் தந்தையாரின் வருமானம் சிறிது. ஆதலின் குறைந்த கட்டணத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்தச் சலுகையைப் பள்ளித் தலைவர்கள் தமக்குச் சொல்லிக்காட்டியதையும், நீ படித்துப் பரிசு வாங்கித் தரவேண்டியவன் என்று நெருக்கியதையும், அவர் பின்னாளில் ஒரு நீண்ட கட்டுரையில் மிகக் கசப்போடு எழுதினார். அக்கட்டுரை அவர் இறந்த பின்னர் 1952-இலேதான் அச்சேறிற்று. அதே பள்ளியிற் பயின்ற ஹென்றி லாங்ஹர்ஸ்ட் என்னும் பத்திரிகையாளரோ, அங்கிருந்த தலைமையம்மையாரைத் தம் வாழ்க்கையில் நன்மை செய்தவராக வைத்துப் போற்றினார். இருவரும் கண்டது ஒரே பள்ளி, ஒரே அம்மையார்.

இவ்விருவருள் யார் பொய் சொன்னவர்? ஒருவரும் அல்லர் என்பதே என் எண்ணம். ஒரே அடுப்பில் வெந்த சோறு ஒருவனுக்கு உரிமையாகவும் மற்றொருவனுக்குப் பிச்சையாகவும் பரிமாறப்படலாம். சோற்றில் வேற்றுமை இல்லை. பரிமாறும் கையிலும் வாயிலும் வேற்றுமை உண்டு. சொல்லிக்காட்டப்பட்ட உதவி உதவியாக நிலைப்பதில்லை. பெற்றவன் அதனை ஆயுள்முழுதும் சுமக்கிறான். நம்மிலும் ‘இலவச மாணவன்’ என்று பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழைய பள்ளிக்குப் போகத் தயங்குவது கட்டிடத்தை வெறுத்தன்று. அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் அங்கே இருக்குமோ என்று அஞ்சியேயாம்.

பந்தியும் பெயரும்

நம் தமிழ்நாட்டிலே உணவுக் கூடத்தில் எழுந்த ஒரு வழக்கு நாட்டின் அரசியலையே அசைத்ததை நீங்கள் அறிவீர்கள். தேசபக்தர் வ. வே. சு. ஐயர் திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, தேசபக்தி ஆகிய உயர்ந்த நோக்கங்களோடு எழுந்த அந்நிலையத்துக்குக் காங்கிரசும் பொருளுதவி செய்தது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளிற் சிலர்க்குத் தனியே உணவளிக்கப்படுகிறதென்னும் செய்தி 1924-25-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அதனைக் கண்டித்தனர். காந்தியடிகள்வரை வழக்குச் சென்றது. ஐயரவர்கள் 1925 ஜூன் மாதத்தில், அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கப் போய்த் தாமும் உயிர் துறந்தார். தியாகி ஒருவர் நல்லெண்ணத்தோடு நிறுவிய இடத்திலேயே, சிறு பிள்ளைகளின் மனத்தில் ஓர் இலைக்கும் மற்றோர் இலைக்கும் இடையிலிருந்த தூரம் ஆறாத புண்ணாயிற்று. நிறுவியவர் பெருமை வேறு, பிள்ளை பட்ட துன்பம் வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தல் தகாது. பின்னதைச் சொல்லி முன்னதை அழித்தலும் தகாது.

சாதிச் சங்கத்து மேடையில் நின்றுகொண்டு இதனை யான் சொல்லுவதற்குக் காரணமுண்டு. நம் பிள்ளைகள் பிறர் விடுதியில் ‘தறிக்காரன்’ என்று அழைக்கப்பட்டபோது நமக்கு நொந்தது. நம்மவர் பொறுப்பிலுள்ள விடுதியில் வேறொரு குலத்துப் பிள்ளை வந்து தங்கினால், அவன் இலை எங்கே இடப்படுகிறதென்று நாம் பார்த்ததுண்டா? தமிழ்நாட்டரசு தன் மாணவர் விடுதிகளையெல்லாம் 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று ஒரே பெயரால் அழைக்கத் தொடங்கியிருக்கிறது. பெயர் மாறியது நன்று. பந்தியில் அமரும் பிள்ளைக்கு அந்தப் பெயர் மெய்யாகிறதா என்பது நம்போன்றோர் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது.

யாழ்ப்பாணத்திலோ வழக்குப் பெயரைப்பற்றி எழுந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824-இல் உடுவிற் பெண்கள் உறைவிடப் பள்ளியையும் தொடங்கினர். அங்கே தங்கிப் படித்த பிள்ளைகட்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய அன்பர்களின் பெயர்களை இடும் வழக்கம் இருந்தது. வீட்டில் ஒரு பெயர், விடுதியில் கடல்கடந்த ஒருவரின் பெயர்! இம்முறையிற் பயின்றவர்கள் பிற்காலத்தில் என் செய்தார்கள்? பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்னும் பெயரையும் தம் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே தாங்கி, கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியிற் கற்ற கல்வியைக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்பு சைவராகவே நின்று, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். ஒருவர் பள்ளி தந்ததை முழுதும் ஏற்றார். மற்றவர் வேண்டுவதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டார். தமிழ் இருவருக்கும் கடன்பட்டிருக்கிறது. பள்ளிக்கு நன்றி செலுத்துதற்கு ஒரே வழிதான் உண்டென்று கூறுவோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்ப்பாராக.

இடிப்பதா, காப்பதா?

கானடா தேசத்தில் இவ்விஷயம் மிகப் பெரிய துயரமாக முடிந்தது. அந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் மறக்கச் செய்யும் நோக்கத்தோடு, அரசாங்கமும் சர்ச்சுகளும் உறைவிடப் பள்ளிகளை நடத்தின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, 1990-களின் பிற்பகுதிவரை அவை நடந்தன. 1,50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் வைக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பாமலே மாண்டனர். 2008 ஜூன் 11-ஆம் தேதி அந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். உண்மையறிந்து உறவு சீர்செய்ய நியமிக்கப்பட்ட கமிஷன் பழைய மாணாக்கர் ஆயிரக்கணக்கானோரின் வாய்மொழி கேட்டு, 2015-இல் தன் அறிக்கையை வெளியிட்டது.

நம் விடுதிகளை அவற்றோடு ஒப்பிடுதல் நியாயமன்று. அங்கே பிள்ளைகளைப் பறித்துச் சென்றனர். இங்கே பெற்றோர் தாமே கண்ணீரோடு அனுப்பினர். எனினும் அவர்களிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பள்ளிகளின் கட்டிடங்களை என்ன செய்வதென்று கேட்டபோது, பழைய மாணாக்கர் எல்லோரும் ஒரே விடை சொல்லவில்லை. பசிபிக் கரையில் அலர்ட் பே என்னும் இடத்தில், செயிண்ட் மைக்கேல்ஸ் பள்ளிக் கட்டிடத்தை 2015-இல் இடித்தார்கள். பயின்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிநின்று, சடங்கு செய்து, அழுது, அது வீழ்வதைக் கண்டார்கள். ஒண்டாரியோவில் பிராண்ட்போர்டு நகரத்து மோஹாக் நிலையத்தையோ, இடிக்க வேண்டாம், சான்றாக நிற்கட்டுமென்று அங்குள்ள பூர்வகுடியினர் தீர்மானித்துக் காத்தனர். ஒரு சாரார்க்கு அது விழுந்தால் நெஞ்சு ஆறும். மற்றொரு சாரார்க்கு அது விழுந்தால், நடந்ததே இல்லையென்று நாளை ஒருவன் சொல்லக்கூடுமென்னும் அச்சம். இருவரையும் அவரவர் சமூகம் மதித்தது.

சில இடங்களில் காலமே இதனை முடிவு செய்துவிடுகிறது. சாரதா இல்லத்துப் பெண்கள் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டிடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக, பலரும் சென்று பார்க்கும் கண்காட்சியாக விளங்குகிறது. அங்கே ஒரு காலத்தில் தலை மழிக்கப்பட்ட சிறு பெண்கள் முதன்முதல் எழுத்துக் கற்றார்களென்பது கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்வோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் போய்ச் சொல்லாவிட்டால் சுவர் சொல்லாது.

நாம் செய்யத் தக்கது

இதுகாறும் கூறியவற்றால், வாசற்படியை மிதியேன் என்ற நம் சகோதரர் நன்றி மறந்தவரல்லர் என்பது விளங்கும். அவர் தம் கல்வியை மறுக்கவில்லை. அதைக் கொண்டு தம் குடும்பத்தை உயர்த்தி, தம்பி தங்கையரைப் படிக்கவைத்தார். அவர் மறுப்பது, பட்டதைப் படவில்லையென்று மாலை மரியாதையோடு நடிப்பதை மட்டுமே. ஆகவே நம் தீர்மானத்தை இவ்வாறு திருத்தியமைக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்ளுகிறேன்.

முதலாவது, போக விரும்புவோர் போகட்டும். விரும்பாதோரை எவரும் அழைத்துத் துன்புறுத்தலாகாது. அவர் பெயரைச் சந்தாப் பட்டியலில் வெற்றிடமாகக் காட்டி நாணச் செய்தலும் ஆகாது.

இரண்டாவது, செல்வோர் தனித்துச் செல்லற்க. உடன் பயின்ற ஒருவரையேனும் அழைத்துச் செல்க. பழைய துன்பம் தனியனைக் கண்டால் பெரிதாகும். இருவராகச் சென்றால் பாதியளவேனும் சிரிப்பாக மாறும். கூடுமாயின் தம் மக்களையும் கொண்டு செல்க. தந்தை எங்கே படுத்தார், எந்தக் குழாயில் துணி துவைத்தார் என்று கண்ணாற் கண்ட பிள்ளைக்கு வேறு புத்திமதி வேண்டுவதில்லை.

மூன்றாவது, பள்ளி அலுவலகத்தில் தேநீர் அருந்திப் படமெடுத்துக்கொண்டு திரும்பாமல், இன்று அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளோடு ஒரு வேளை அமர்ந்து உண்ணுங்கள். கழிப்பிடத்தைப் பாருங்கள். குடிநீரைக் குடித்துப் பாருங்கள். பழைய மாணவனுக்கு உள்ள கண் அதிகாரிக்கு இல்லை. எந்த மூலையில் பெரிய பையன்கள் சிறியவனை அடிப்பார்களென்று நமக்குத் தெரியும். அரசாங்கமும் 2022-இல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, பழைய மாணவர்கள் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழி திறந்திருக்கிறது. பொருள் கொடுப்போர், தம் பெயர் பொறித்த பளிங்குப் பலகையை விட, சிறுபிள்ளைகட்குத் தனிப் போர்வையும் சன்னலுக்குக் கொசுவலையும் கொடுத்தல் மேலென்பது என் கருத்து. இட்டதைச் சொல்லிக்காட்டுதலின் தீமையை நாம் அறிவோமன்றோ?

நான்காவது, உண்மையை நம் பெற்றோர்க்குச் சொல்லுங்கள். நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பல ஆண்டுகளாக மதிப்பெண்ணுக்குப் பேர்போனவை. தறியை அடகு வைத்தும் நகையை விற்றும் நம்மவர் அவ்விடங்கட்குப் பிள்ளைகளை அனுப்பியதுண்டு. அங்கிருந்து டாக்டர்களாகவும் என்ஜினியர்களாகவும் வந்த பிள்ளைகள் நமக்குப் பெருமையே. ஆனால் விடியுமுன் எழுந்து நள்ளிரவுவரை ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அப்பிள்ளைகளிற் சிலர், தாம் பயின்ற பள்ளியின் பெயரைக் கேட்டால் முகம் மாறுவதையும் யான் கண்டிருக்கிறேன். மாநிலத்தில் முதலிடம் இன்னார்க்கு என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. ஓட்டத்தின் வேகம் பிள்ளைகளை நசுக்கிற்று என்பதனாலேயே அது நிறுத்தப்பட்டது. நாம் மட்டும் இன்னும் அந்தப் பலகையைத் தேடிக்கொண்டிருத்தல் தகுமா?

ஐந்தாவது, அனுப்புமுன் நேரிற் சென்று விசாரியுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்துக்கு உட்பட்ட இடமாயின் உரிமம் உண்டா என்று கேட்பது உங்கள் அதிகாரம். பெண்மக்களை அனுப்பும் தாய்மார்கள் இதில் நாணவே வேண்டாம். இரவில் யார் காவல், நோயுற்றால் யார் பொறுப்பு, பிள்ளை வீட்டாரோடு தனித்துப் பேச வாரத்தில் எத்தனை முறை விடுவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் பிள்ளையை விடவேண்டாம். எங்கள் கார்டுகளில் ‘சௌக்கியம்’ என்னும் ஒரு சொல்லே வந்தது. அதனை நம்பி எங்கள் தாய்மார் நிம்மதியாகத் தார் சுற்றினார்கள். இன்று கையடக்கமான தொலைபேசி இருந்தும், பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கப் பேசும் பிள்ளை அதே ஒரு சொல்லைத்தான் சொல்லும். விடுமுறைக்கு வரும் பிள்ளை உணவில் ஆவலாகப் பாய்கிறதா, உறக்கத்தில் திடுக்கிடுகிறதா, பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க வயிற்றுவலி என்கிறதா என்று பாருங்கள். அதுவே அப்பிள்ளை எழுதும் உண்மையான கடிதம்.

சகோதர சகோதரிகளே! விடுதிகள் வேண்டாமென்று யான் சொல்லவில்லை. எங்கள் விடுதி இல்லையேல் இன்று இம்மேடையில் நின்று பேசுந் தகுதி எனக்கு வந்திராது. இன்னும் நம் ஏழைக் குடும்பங்கட்கு அவை வேண்டும். நல்லனவாக வேண்டும். அவை நல்லனவாதற்கு வழி, பழைய மாணவர்கள் புகழ்ந்து பேசுவதுமன்று, பகைத்து ஒதுங்குவதுமன்று. நடந்ததை நடந்தவாறு, இனிப்பைக் கூட்டாமலும் கசப்பைக் கூட்டாமலும், அடுத்து வரும் பிள்ளையின் நன்மையைக் கருதிச் சொல்லுவதேயாகும். போகிறவர்கள் அங்கே போய்ச் சொல்லட்டும். போக மாட்டாதவர்கள் இங்கே, நம் கூட்டத்தில், நம் பெற்றோர்களிடம் சொல்லட்டும். இரண்டும் தொண்டே.